ஞாயிறு காலை ஒன்பதுக்குள் வீடு திரும்பலாம்: குடும்பஸ்தர்களுக்கான கடலோரப் பறவை பார்த்தல்

பறவை பார்க்கிறவர்கள் எழுதும் பயணக் குறிப்புகளைப் படித்தால் நமக்குப் பெருமூச்சுதான் வரும். விடியற்காலை மூன்று மணிக்குக் கிளம்பினோம், கோடியக்கரையில் இரண்டு நாள் தங்கினோம் என்று சாவகாசமாக எழுதியிருப்பார்கள். ஆறாவது படிக்கும் பையன், சர்க்கரைக்கு மாத்திரை போட்டுவிட்டு நேரத்துக்கு டிபன் எதிர்பார்க்கும் மாமியார், வாரத்தில் ஒரே ஒரு நாள் தூங்க நினைக்கும் வீட்டுக்காரர் என்று இருக்கிற வீட்டில் அதெல்லாம் நடக்காது. ஆனால் கடலோரப் பறவைகளுக்கு அவ்வளவு மெனக்கெடவே வேண்டாம். காட்டுப் பறவை போல இலைக்குள் ஒளிந்துகொள்ளாது, எல்லாம் திறந்த வெளியில் சேற்றிலும் மணலிலும் நிற்கும். நேரம் பார்த்துப் போனால் இரண்டு மணி நேரம் போதும். அந்த நேரத்தை எப்படிப் பார்ப்பது, யாரை எங்கே கூட்டிப்போவது என்பதைத்தான் எழுதப் போகிறேன். நான் சென்னையில் இருப்பதால் பெரும்பாலும் சென்னையைச் சுற்றித்தான் பேசுவேன், மற்ற ஊர்க்காரர்கள் கோபித்துக்கொள்ள வேண்டாம், கடைசியில் உங்களுக்கும் கொஞ்சம் உண்டு.

முதலில் மாதம். டிசம்பர், ஜனவரிதான் பறவை சீசன் என்று பலர் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். வேடந்தாங்கலுக்கு அது சரி. கரையோரப் பறவைகள் ஆடி முடியும்போதே வர ஆரம்பித்துவிடும். சைபீரியா, மங்கோலியா, திபெத் பீடபூமி என்று வடக்கே குட்டிக் கோடைக்காலத்தில் குஞ்சு பொரித்துவிட்டு மத்திய ஆசிய வலசைப்பாதை வழியாகத் தெற்கே இறங்குகிற கூட்டம் இது. பல இனங்களில் தாய் தகப்பன் பறவைகள் முதலில் கிளம்பிவிடும். குஞ்சுகள் கொஞ்ச நாள் அங்கேயே தின்று தேறி, யாரும் வழிகாட்டாமல் பின்னால் வந்து சேரும். அதனால் ஆகஸ்டில் நம் கரையில் நிற்பவை பெரும்பாலும் வளர்ந்த பறவைகள், இனப்பெருக்க காலத்து வண்ணம் பாதி மிச்சத்தோடு இருக்கும். வளைமூக்கு உள்ளானின் வயிற்றில் செங்கல் நிறத் திட்டுகள், மணல் உப்புக்கொத்தியின் மார்பில் ஆரஞ்சுப் பட்டை என்று பார்க்கலாம். புதிதாக ஆரம்பிக்கிறவருக்கு இந்த மிச்ச வண்ணம் பெரிய உதவி, ஏனென்றால் அக்டோபர் ஆகிவிட்டால் எல்லாமே சாம்பல் நிறத்தில் ஒரே மாதிரி நின்றுகொண்டு நம்மைக் குழப்பும்.

அக்டோபர் மூன்றாம் வாரத்தை ஒட்டி வடகிழக்குப் பருவமழை தொடங்கும். நல்ல மழை இரண்டு பெய்தால் உப்பங்கழிகள் நிறைந்து சேறு மூழ்கிவிடும். சுண்டு விரல் நீளக் காலை வைத்துக்கொண்டு கொசு உள்ளான் அந்தத் தண்ணீரில் எங்கே நிற்கும்? வேறு இடம் பார்த்துப் போய்விடும். ஆகவே நமக்கான காலம் ஆகஸ்ட் நடுவிலிருந்து அக்டோபர் நடு வரை.

இப்போது இதை வீட்டுக் காலண்டரோடு வைத்துப் பாருங்கள். ஆவணி முழுக்க முகூர்த்தம், எந்த ஞாயிறும் நம் கையில் இல்லை. புரட்டாசியில் பெரும்பாலான வீடுகளில் கல்யாணம் வைக்க மாட்டார்கள். கறி மீனும் கிடையாது என்பதால் ஞாயிறு காலை கறிக்கடை வரிசையில் நிற்கிற வேலையும் இல்லை. காலாண்டுத் தேர்வு முடிந்து பிள்ளைகளுக்கு விடுமுறையும் இந்தச் சமயத்தில்தான் வரும். சனிக்கிழமை பெருமாளுக்குப் போய்விடும், அதனால் ஞாயிறு காலியாக இருக்கும். வலசை உச்சத்தில் இருக்கிற மாதமும், வீட்டில் தொந்தரவு குறைந்த மாதமும் ஒன்றாக அமைந்திருக்கிறது. இதைவிட வசதியாக யாரும் ஏற்பாடு செய்து தர முடியாது.

ஒரு ஞாயிறு விட்டு ஒரு ஞாயிறு

இந்தக் கட்டுரையில் ஒன்றை மட்டும் நினைவில் வைத்துக்கொள்வதென்றால் இந்தப் பகுதியை வைத்துக்கொள்ளுங்கள்.

கரைப்பறவைகள் மணிக்கூண்டைப் பார்த்து நடப்பதில்லை, கடல் ஏறி இறங்குவதைப் பார்த்து நடக்கின்றன. தண்ணீர் இறங்கியிருக்கும்போது சேற்றுப்பரப்பு முழுக்கப் பரவி மேயும், பாதிக்கு மேல் நம் கண்ணுக்கு எட்டாத தூரத்தில் இருக்கும். தண்ணீர் ஏற ஏற மேய்ச்சல் இடம் சுருங்கி, மிச்சமிருக்கும் மணல் திட்டில் எல்லாம் நெருக்கியடித்துக்கொண்டு வந்து நிற்கும். அதுதான் நமக்கு வேண்டிய நேரம். உயர் ஓதத்துக்கு, அதாவது கடல் தண்ணீர் முழுக்க ஏறி நிற்கும் நேரத்துக்கு, ஒன்றரை மணி நேரம் முன்னால் போய் நின்றால், நாம் நடக்காமலே அவை நம் பக்கம் வரும்.

இந்த ஓதம் ஒவ்வொரு நாளும் சுமார் 50 நிமிடம் தள்ளிப்போகும். ஒரு வாரத்துக்குக் கணக்குப் போட்டால் ஏறக்குறைய ஆறு மணி நேரம். ஆக, இந்த ஞாயிறு காலை ஏழு மணிக்கு உயர் ஓதம் என்றால் அடுத்த ஞாயிறு அதே நேரத்தில் கிட்டத்தட்ட தண்ணீர் வற்றிக் கிடக்கும். அதற்கடுத்த ஞாயிறு மறுபடி காலையில் ஏறும். அதாவது இரண்டு வாரத்துக்கு ஒருமுறை போனால் போதும், நடுவில் இருக்கும் ஞாயிறைத் தாராளமாக வீட்டுக்குக் கொடுத்துவிடலாம். நான் வீட்டில் அப்படித்தான் பேசி முடித்திருக்கிறேன். "ஒரு வாரம் எனக்கு, ஒரு வாரம் உங்களுக்கு" என்று கேட்டால் பெருந்தன்மையாகவும் தெரிகிறது, உண்மையில் நமக்கு எந்த நஷ்டமும் இல்லை. இதை வீட்டுக்காரரிடம் இன்னும் விளக்கவில்லை.

எந்தெந்த ஞாயிறு என்று பார்க்க சுவரில் தொங்கும் தினசரி காலண்டரே போதும். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டித்தான் ஏற்றமும் வற்றமும் பெரிதாக இருக்கும், அதுவும் அன்றைக்கே உச்சம் இல்லை, ஓரிரு நாள் கழித்துத்தான். இது நமக்கு ரொம்ப நல்லது. மகாளய அமாவாசை புரட்டாசியில் வருகிறது, அன்றைக்குத் தர்ப்பணம், படையல், காகத்துக்குச் சோறு என்று வீட்டைவிட்டு நகர முடியாது, கடற்கரையிலும் தர்ப்பணக் கூட்டம் நிறைந்திருக்கும். மறுநாளோ அதற்கடுத்த நாளோ போங்கள், கரையும் காலியாக இருக்கும், ஓதமும் நன்றாக இருக்கும். சரியான மணிக்கு ஓத அட்டவணை பார்த்துவிடுங்கள், கைபேசியில் நிறைய செயலிகள் இருக்கின்றன. கூடவே ஹைதராபாத்தில் இருக்கும் இன்காய்ஸ் மையம் வெளியிடும் கடல் எச்சரிக்கையையும் பாருங்கள். கள்ளக்கடல் (திடீரென்று கரையேறும் பேரலை) எச்சரிக்கை இருக்கும் நாளில் பிள்ளைகளோடு முகத்துவாரப் பக்கம் போகவே கூடாது.

ஒரு எச்சரிக்கை. சென்னையில் ஓதத்தின் உயரம் குறைவு, பெரிய நாளிலேயே ஒரு மீட்டரைச் சற்றுத் தாண்டினால் அதிகம். குஜராத்தின் காம்பே வளைகுடா மாதிரி பல மீட்டர் ஏறி இறங்குகிற கதை இங்கே இல்லை. திறந்த கடற்கரையில் பெரிய வித்தியாசம் தெரியாது, ஆற்று முகத்துவாரத்திலும் உப்பங்கழியிலும்தான் தெரியும். அங்கேயும் மழைக்கு முன்னால் மணல் மேடு தட்டி வாய் அடைத்துக்கொண்டிருந்தால் கடல் தண்ணீர் உள்ளே போகாது, அட்டவணை பொய்யாகிவிடும். போனவுடன் முதலில் வாய் திறந்திருக்கிறதா என்று பாருங்கள். அடைந்திருந்தால் ஓதத்தை மறந்துவிட்டு வெயிலுக்கு முன்னால் எவ்வளவு பார்க்க முடியுமோ பாருங்கள்.

யார் எங்கே போகிறார்களோ அங்கே

பறவைக்கென்று தனியாகக் கிளம்பினால்தான் வீட்டில் முகம் சுளிப்பார்கள். வீடே எங்கோ போகும்போது வழியில் நிறுத்தினால் யாரும் கவனிப்பதுகூட இல்லை.

அடையாறு முகத்துவாரம் நகரத்துக்குள் இருப்பவர்களுக்கு. பெசன்ட் நகரில் பெரியவர்களை அஷ்டலட்சுமி கோயிலிலோ மாதா கோயிலிலோ விட்டுவிட்டு உடைந்த பாலத்துக்குப் போகலாம். காலையில் கிழக்கே கடலைப் பார்த்து நின்றால் சூரியன் கண்ணில் அடிக்கும், பறவை எல்லாம் கறுப்பு நிழலாகத் தெரியும். அதனால் கடலுக்கு முதுகைக் காட்டி மேற்கே, ஆற்றுப்பக்கம் பாருங்கள். இந்தச் சின்ன விஷயத்தைச் சொல்லாமல் விட்டுவிடுகிறார்கள், கிழக்குக் கடற்கரையில் பாதி ஏமாற்றம் இதனால்தான். ஆகஸ்ட் 29 முதல் செப்டம்பர் 8 வரை மாதா கோயில் திருவிழா, அந்த நாட்களில் அந்தப் பக்கம் வண்டி நிறுத்த இடம் தேடுவதிலேயே ஓதம் இறங்கிவிடும். இன்னொன்று, பெண்கள் விடியற்காலையில் அந்தப் பாலத்துக்குத் தனியாகப் போக வேண்டாம், யாரையாவது கூட்டிக்கொள்ளுங்கள். நல்ல ஷூ போடுங்கள், கண்ணாடிச் சில்லும் மற்றதும் கிடக்கும்.

எனக்குக் கேட்டால் குடும்பத்தோடு போக கேளம்பாக்கம் – கோவளம் சாலையை விட நல்ல இடம் கிடையாது. சாலையின் இரண்டு பக்கமும் உப்பங்கழி. காரைவிட்டு இறங்கவே வேண்டாம், இறங்காமல் இருப்பதே நல்லது, காரைக் கண்டு பறவைகள் பயப்படுவதில்லை, கதவைத் திறந்து கால் வைத்தால்தான் பறக்கும். மூட்டு வலி உள்ளவர்கள் ஜன்னல் பக்கம் உட்கார்ந்து பூநாரை வரைக்கும் பார்த்துவிடலாம், அந்த வருடம் வந்திருந்தால். சாலையில் வண்டிகள் வேகமாக வரும் என்பதால் அகலமான ஓரம் பார்த்து நிறுத்துங்கள், பிள்ளைகளைச் சாலைப்பக்கக் கதவு வழியாக இறக்க வேண்டாம். புரட்டாசிச் சனிக்கிழமைக்கு இதில் ஒரு வழி உண்டு. கோவளத்துக்குச் சற்றுத் தெற்கே திருவிடந்தையில் நித்யகல்யாணப் பெருமாள் கோயில் இருக்கிறது, திவ்யதேசம். பெருமாளைச் சேவிக்க வேண்டும் என்று நீங்களே முதலில் எடுத்துக் கொடுங்கள். விடியற்காலையில் கிளம்பினால்தான் கூட்டம் இருக்காது என்றும் சொல்லுங்கள், அது பொய்யும் இல்லை. போகிற வழியில் உப்பங்கழி. கழிப்பறைக்கு முட்டுக்காடு படகுத்துறையோ சாலையோர ஓட்டலோ இருக்கிறது. சிரிக்காதீர்கள், பெண்களும் பிள்ளைகளும் இருக்கிற பயணத்தில் எவ்வளவு நேரம் பறவை பார்க்கலாம் என்பதைத் தீர்மானிப்பது அதுதான்.

பழவேற்காடு அரை நாள் வேலை. பொன்னேரிப் பக்கம் சொந்தக்காரர்கள் இருந்தால் சேர்த்துக்கொள்ளலாம். ஏரி பெரிது, பறவைகள் தள்ளி நிற்கும், அண்ணாமலைச்சேரிப் பக்கக் கரையில் வாய்ப்பு கொஞ்சம் கூடுதல். பூநாரைக் கூட்டம் காட்டுகிறேன் என்று பிள்ளைகளுக்கு வாக்கு மட்டும் கொடுத்துவிடாதீர்கள், இந்த மாதங்களில் அது நிச்சயமில்லை. யாராவது படகில் கூட்டிப்போகிறேன் என்றால் மறுத்துவிடுங்கள், 2011 டிசம்பரில் அங்கே சுற்றுலாப் படகு கவிழ்ந்து பல உயிர்கள் போயின.

புதுச்சேரிக்குப் போகிறவர்கள் மரக்காணம் உப்பளத்தில் இருபது நிமிடம் நிறுத்தினால் போதும். பக்கத்திலேயே கழுவேலி சதுப்பு நிலம், 2024இல் ராம்சார் இடமாக, அதாவது உலக முக்கியத்துவம் உள்ள ஈரநிலமாக, அறிவிக்கப்பட்டது. வேளாங்கண்ணிக்கோ வேதாரண்யத்துக்கோ வேண்டுதல் இருந்தால் கோடியக்கரையைத் தவறவிடாதீர்கள், 1967 முதல் சரணாலயம், 2002இல் ராம்சார் பட்டியலுக்கு வந்தது. ராமேஸ்வரத்துக்குத் தர்ப்பணம் கொடுக்கப் போகிறவர்களுக்கு தனுஷ்கோடி, பூநாரைகளுக்காக 2025இல் அங்கே ஒரு சரணாலயம் அறிவித்தார்கள். தூத்துக்குடிக்காரர்களுக்கு உப்பளங்கள், நாகர்கோவில்காரர்களுக்கு மணக்குடி முகத்துவாரமும் புத்தளம் உப்பளமும் இருக்கின்றன. நீங்கள் எங்களைவிடக் கொடுத்து வைத்தவர்கள்.

ஆறு பறவை போதும்

முதல் பருவத்திலேயே எல்லாவற்றையும் பெயர் சொல்ல நினைத்தால் மண்டை காய்ந்துவிடும். நிறத்தைப் பார்ப்பதை விட்டுவிட்டு நடையைப் பாருங்கள். உப்புக்கொத்தி நாலடி ஓடும், சட்டென்று நிற்கும், ஒரு கொத்து கொத்தும், மறுபடி ஓடும். கண் பெரிது, மூக்கு குட்டை, பார்த்துத்தான் இரை பிடிக்கும். உள்ளான் தலையைக் குனிந்தபடியே தைத்துக்கொண்டு போகும் தையல் மெஷின் போல, மூக்கால் துழாவித்தான் இரை தேடும். இந்த ஒரு வித்தியாசம் பிடிபட்டால் கரையில் நிற்கும் கூட்டத்தை இரண்டாகப் பிரித்துவிடலாம், மீதி மெதுவாக வரும்.

அப்புறம் கால். சிவப்புக் கால் நீளமாக, உடம்பு கறுப்பு வெள்ளையாக, மூக்கு ஊசியாக இருந்தால் நெடுங்கால் உள்ளான். இது வருடம் முழுக்க இருப்பது, இதை வைத்து மற்றவற்றின் அளவை மதிப்பிடலாம். ஆரஞ்சுச் சிவப்புக் காலும் பழுப்பு உடம்பும் இருந்து, பறக்கும்போது இறக்கையின் பின் ஓரம் வெள்ளையாகப் பளிச்சிட்டால் பவளக்காலி. பச்சை கலந்த கால், லேசாக மேல் நோக்கி வளைந்த மூக்கு, பறக்கும்போது மூன்று முறை அடுக்கிக் கத்தினால் பச்சைக்காலி. மற்றப் பறவைகளின் காலுக்கடியில் எலி ஓடுகிற மாதிரி ஓடுவது கொசு உள்ளான், எடை 20 – 30 கிராம்தான், அதை வைத்துக்கொண்டு வடதுருவத்துப் பக்கத்திலிருந்து வந்திருக்கிறது. இவற்றோடு உப்புக்கொத்தியும், மேலே பறக்கும் ஆலாவும் சேர்த்தால் ஆறு ஆயிற்று. கல் இருக்கும் இடத்தில் கல்திருப்பி உள்ளான் கிடைத்தால் அதிர்ஷ்டம், பெயருக்கேற்ற வேலையைச் செய்துகொண்டிருக்கும், பிள்ளைகளுக்கு மிகவும் பிடிக்கும்.

காலில் வளையமோ வண்ணக் கொடியோ தெரிந்தால் படம் எடுங்கள், எந்தக் காலில், எந்த நிறம் மேலே எந்த நிறம் கீழே என்று எழுதிவைத்துக்கொள்ளுங்கள். கோடியக்கரையில் பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்தார் பல பத்தாண்டுகளாகப் பறவைகளுக்கு வளையம் இட்டு வருகிறார்கள். அவர்களுக்கு அனுப்பினால் அந்தப் பறவை எங்கே வளையமிடப்பட்டது என்று தெரிய வாய்ப்பு உண்டு.

கருவிகள் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. எட்டு மடங்கு பெரிதாகக் காட்டும் 8×42 பைனாகுலர் ஒன்று போதும், பத்தாயிரம் ரூபாய் அளவிலேயே உருப்படியானது கிடைக்கும். பத்து மடங்கு பெரிதாகக் காட்டுவதை வாங்கத் தோன்றும், கை நடுங்கினால் அதில் ஒன்றும் தெரியாது. டெலஸ்கோப் வாங்கச் சொல்லி நண்பர்கள் தூண்டுவார்கள், ஒரு வருடம் காதில் போட்டுக்கொள்ளாதீர்கள். எட்டரை மணிக்கு மேல் சேற்றிலிருந்து கானல் எழும்பி எல்லாம் நெளிய ஆரம்பிக்கும், எவ்வளவு விலை கொடுத்து வாங்கிய கண்ணாடியாலும் அதை ஜெயிக்க முடியாது. அதுவும் ஒரு வகையில் நமக்கு வசதிதான், வீட்டுக்குப் போக ஒரு காரணம்.

பிள்ளைகளை நாற்பது நிமிடத்துக்கு மேல் நிற்க வைக்க வேண்டாம். எண்ணச் சொல்லுங்கள், சிவப்புக் கால் எத்தனை, பச்சைக் கால் எத்தனை என்று, அந்த எண்ணிக்கையை இ-பேர்ட் என்ற பறவைப் பதிவுச் செயலியில் அவர்களே போடட்டும். கூட்டத்தை நோக்கி ஓடுவதற்கு மட்டும் விடவே கூடாது. ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் பறந்து வந்து கொழுப்பைத் திரும்ப ஏற்றிக்கொண்டிருக்கும் பறவையை ஒவ்வொரு முறை எழுப்பும்போதும் அது தின்றதைச் செலவழிக்கிறது. படத்துக்காகப் பறக்க வைக்கிற பெரியவர்களுக்கும் இதைச் சொல்ல வேண்டும், அவர்கள்தான் கேட்க மாட்டார்கள். சேற்றில் யாரும் இறங்கக் கூடாது, மேலே காய்ந்த மாதிரி இருந்தாலும் உள்ளே முழங்கால் வரை இழுக்கும்.

திரும்பும் நேரத்தை முன்னாலேயே சொல்லிவிட்டுப் போங்கள், அந்த நேரத்துக்குத் திரும்பிவிடுங்கள். கிளம்பும் நிமிடத்தில்தான் ஏதாவது புதிய பறவை வந்து இறங்கும், அது எப்போதும் அப்படித்தான். அலாரம் அடித்தால் வண்டியில் ஏறிவிடுங்கள். ஒன்பது மணி என்று சொன்னால் ஒன்பதுக்கு வீட்டில் இருப்பவர் என்ற பெயர் எடுத்துவிட்டால், அடுத்த முறை கேட்கும்போது யாரும் காரணம் கேட்க மாட்டார்கள். வரும்போது வழியில் இட்லி வடை கட்டிக்கொண்டு வந்தால் இன்னும் நல்லது, காலை டிபன் வேலையும் தீர்ந்தது.

அக்டோபர் இரண்டாவது சனிக்கிழமை உலக வலசைப் பறவைகள் நாள். புரட்டாசிச் சனிக்கிழமையோடு மோதும் வாய்ப்பு அதிகம், திருவிடந்தை வழியை அன்றைக்கு வைத்துக்கொள்ளுங்கள். அதன் பிறகு மழை பிடித்துவிட்டால் கரையை விட்டுவிட்டுப் பள்ளிக்கரணைக்கு மாறிவிடலாம், வாத்துகள் வர ஆரம்பித்திருக்கும், தீபாவளிக்குத் துணி எடுக்கப் போகிற வழியில் எட்டிப் பார்க்கிற தூரம்தான்.